திருச்சியில் ஒரு குசினி

திருச்சி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேலே இரண்டு சட்டை, ஒரு கைலி. அதற்குக் கீழே முழுக்க போல்ட்டும் நட்டும். சுங்க அதிகாரி ஒரு போல்ட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது, கடை வைக்கப் போறீங்களா?"

"இல்லைங்க. ஒரு குசினியைப் பூட்டணும். அதுக்கு."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவருக்கும் புரியவில்லை. மலேசியாவில் நாங்கள் சமையலறையைக் குசினி என்போம், இங்கே அப்படிச் சொல்வதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சமையலறைங்க. கண்காட்சிக்கு வந்திருக்கு" என்றேன். கண்காட்சி என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "பொருட்காட்சியா? போங்க, போங்க" என்று பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்.

நான் ஈப்போக்காரன். ஆயுள் முழுவதும் லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவன். சிற்பம் செய்வது என் மனைவி செல்வி. தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, பொழுது போகாமல் ஓவிய வகுப்பில் சேர்ந்தாள். பொழுது போக்க ஆரம்பித்தது பிறகு அவளை விடவில்லை. அவள் தாளில் வரைவாள். நான் அதை இரும்பில் வெல்டிங் வைத்து ஒட்டித் தருவேன். நாங்கள் இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டத்தை விற்று, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளை எல்லாம் இடித்துத் தள்ளி, இப்போது அங்கே வரிசையாக மாடி வீடுகள். செல்வி தன் அம்மாவின் குசினியை நினைவிலிருந்து அளவு பிசகாமல் வரைந்தாள். சதுரக் குழாயில் நான்கு பக்கச் சட்டம், கதவு நிலை. மெல்லிய கம்பியில் அடுப்பு, பலகை, பலகையின் மேல் பானைகள், ஈரத்துணி போடும் கொடி. எல்லாம் அசல் அளவு. கம்பியைக் கொண்டு காற்றில் போட்ட படம் போல இருக்கும். உள்ளே நுழைந்து நடக்கலாம்.

வீட்டையும் இடம்பெயர்தலையும் பற்றிய நவீன சிற்பக் கண்காட்சி ஒன்றைத் திருச்சியில் நடத்துகிறோம், உங்கள் படைப்பு வேண்டும் என்று கேட்டு அவளுக்கு அழைப்பு வந்தது. குசினியைக் கழற்றிக் கப்பலில் அனுப்பியும் விட்டோம். அதற்குள் அவள் முழங்காலில் ஆப்பரேஷன்.

"நீங்களே போங்க. ஒட்டினது நீங்கதானே" என்றாள்.

அப்படித்தான் நான் முதல் தடவையாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தேன்.

பாலக்கரைப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினேன். கீழே பிரியாணிக் கடை. காலையில் இறங்கி வந்தபோது கல்லாவில் இருந்த பாய், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். நான் நின்றுவிட்டேன். அது எங்கள் ஊர்ச் சொல். மலேசியாவில் மட்டும்தான் காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "எங்க வீடுகள்ல எல்லாம் இப்படித்தாங்க சொல்லுவோம்" என்றார் பாய். அந்தச் சொல்லுக்காகவே இன்னொரு பரோட்டா வாங்கினேன். எங்கள் ஊர் ரொட்டி சானாயை விட இது முறுகல். ஆனால் சால்னாவுக்கு ஈடாக எங்களிடம் எதுவும் இல்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கண்காட்சி நடக்கும் அருங்காட்சியகம் ஒரு பழைய சுருட்டுக் கிடங்கு. உயரமான ஓட்டுக் கூரை. சுவரை வெள்ளையடித்து விளக்கெல்லாம் போட்டிருந்தாலும் மூலைகளில் இன்னமும் புகையிலை வாசம். மேலாளர் பிரபு, சுறுசுறுப்பான இளைஞர். எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம் சார்" என்பார். கப்பலில் வந்த பெட்டியை உடைத்துப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது, கதவு நிலையைத் தவிர. வழியில் எங்கேயோ ஏதோ கனமானது மேலே விழுந்திருக்க வேண்டும். ஒரு பக்கக் குழாய் வில் மாதிரி வளைந்து கிடந்தது.

"பண்ணிடலாம் சார்" என்றார் பிரபு.

சுத்தியலால் தட்டினால் சதுரக் குழாய் நசுங்கிவிடும். அழுத்தி நிமிர்த்துகிற பெரிய பிரஸ் வேண்டும். துவாக்குடியில் அவருக்குத் தெரிந்த பட்டறை ஒன்றில் அது இருக்கிறதாம். மறுநாள் காலை வண்டி அனுப்புவதாகச் சொன்னார். மறுநாள் வண்டி வந்துகொண்டே இருந்தது. மதியம் வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் நானே நிலையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறப் போனேன்.

ஆள் உயரக் கதவு நிலையோடு ஒருவன் நின்றால் எங்கள் ஊரில் பஸ் நிற்காது. திருச்சியில் நின்றது. கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பெரியவரே, வீட்டைக் கையோட கொண்டுட்டு வந்துட்டீங்களா?"

"கதவு நிலைதாங்க. துவாக்குடி போகணும்."

"ஏத்துங்க, ஏத்துங்க. பின்னாடி படிக்கட்டுகிட்ட நிறுத்திப் பிடிச்சுக்கங்க. லக்கேஜ் போட்டுடுறேன்."

அப்படியே நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர்கள் வேறு வழியில்லாமல் என் நிலைக்குள் நுழைந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. ஒரு அம்மா தலை குனிந்து நுழைந்தார். தலை இடிக்காது, இருந்தாலும் குனிந்தார். கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர், "உள்ள வரலாமா சார்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டு நுழைந்தார்கள். காட்டூரில் காய்கறிக் கூடையோடு ஏறியவர் நிலையைத் தடவிப் பார்த்து, "ஒரு பக்கம் கோணலா இருக்கே, வாஸ்து சரியில்லையே" என்றார். பஸ்ஸே சிரித்தது.

அந்தச் சிரிப்பில் நான் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டேன். சுங்கச் சாவடியைத் தாண்டிய பிறகுதான் கண்டக்டருக்கு என் ஞாபகம் வந்தது. "ஐயோ, துவாக்குடி பின்னாடி போயிருச்சே!" என்று விசில் ஊதி நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டார். பொட்டல் வெளி. வெயிலில் ஒரு கதவும் நானும். எதிர்ப் பக்கத்தில் மினி லாரி ஓட்டி வந்தவர், கேட்காமலேயே நிறுத்தினார். நான் மலேசியா என்றதும், பூர்வீகம் எந்த ஊர் என்று கேட்டார். இந்த ஊரில் பெயரைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்கிறார்கள். "முசிறிப் பக்கம்னு எங்க தாத்தா சொல்லுவாராம். அதுக்கு மேல தெரியாது" என்றேன். "முசிறியா? அப்ப நீங்க நம்ம ஊருதான்!" என்று அவர் என்னைச் சொந்தக்காரனாக்கிக்கொண்டார். பட்டறை வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

நிலை நிமிர்ந்தது. மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை பாகங்களைச் சேர்த்துப் பூட்டினேன். கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டு எட்ட நின்று பார்த்தேன். ஈப்போவில் பட்டறை வாசலில் பார்த்தது போல் இல்லை. அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால், என் மாமியாரின் குசினி எனக்கே அந்நியமாக, பெரிய இடத்துப் பொருளாக நின்றது.

கண்காட்சி திறந்து இரண்டு நாள் கழித்து, மற்ற பார்வையாளர்களோடு நானும் சேர்ந்துகொண்டேன். வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வழிகாட்டி தர்ஷினி என்ற பெண். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒல்லியான உருவம், கணீர்க் குரல். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

முதலில் ஒரு இரும்புக் கட்டில். கட்டிலின் மேல் கட்டில், அதன் மேல் கட்டில் என்று கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. "வெளிநாட்டுல வேலை பார்க்கிறவங்க தங்குற இடத்தை வச்சு இதைச் செஞ்சிருக்காங்க" என்று தர்ஷினி ஆரம்பித்தாள். கூட்டத்தில் ஒரு நடுத்தர வயதுத் தம்பதி. லீவில் ஷார்ஜாவிலிருந்து வந்திருந்த கணவரும், பர்தா அணிந்த மனைவியும். கணவர் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி மெதுவாகக் கேட்டார்.

"என்னங்க, தனி ரூமுன்னுதானே சொன்னீங்க?"

"தனிக் கட்டில்தானே..." என்றார் அவர், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி.

"இதுல நீங்க எது?"

அவர் நடுவில் இருந்ததைக் காட்டினார். அந்த அம்மா அதை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றிப் பார்த்து முடிக்கும் வரை விடவில்லை.

அடுத்தது சிமெண்டில் வார்த்த தலையணைகள். வெள்ளத்தில் வீடிழந்தவர்களின் தலையணைகளை அச்செடுத்துச் செய்தவையாம். தொட்டால் மெத்தென்று இருக்கும் போலத் தெரிந்தது. தொட்டுப் பார்த்தவர்கள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்கள். பிறகு எங்கள் குசினிக்கு வந்தோம். நான் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வெல்டிங் தேர்வு எழுதப் போனபோது கூட இப்படிப் பின்வாங்கியதில்லை.

"இது மலேசியாவுல இருந்து வந்திருக்கு. ரப்பர் தோட்டத்துல இருந்த ஒரு வீட்டோட குசினி..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சாரி, சமையலறை."

சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் 'அம்மாவின் சமையலறை' என்றுதான் இருந்தது. குசினி என்ற சொல்லைச் செல்வி விண்ணப்பத்தில் எழுதியதை யாரோ திருத்திவிட்டிருந்தார்கள். அப்படியானால் இந்தப் பெண்ணின் வாயில் அது எப்படி வந்தது?

"இதுக்குக் கூரை கிடையாது, பாருங்க" என்று அவள் தொடர்ந்தாள். "ஞாபகத்துல இருக்கிற வீட்டுக்குள்ள எப்பவும் வெளிச்சம் வந்துக்கிட்டே இருக்கும்னு சிற்பி சொல்ல வர்றாங்க."

அசல் காரணம், கூரைக்கு வரும்போது எங்களிடம் குழாய் தீர்ந்துவிட்டது என்பதுதான். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னதே நன்றாக இருந்தது.

"உள்ள போய்ப் பார்க்கலாம்" என்றாள். கூட்டம் நகர்ந்தது. அப்போது ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த மாமி ஒருவர், கதவு நிலைக்கு முன்னால் நின்று செருப்பைக் கழற்றினார்.

"மாமி, செருப்போடயே போகலாம், பரவாயில்லை" என்றாள் தர்ஷினி.

"தளிகை பண்ற எடமோன்னோ? செருப்போட எப்படி வர்றது?" என்றார் மாமி, சமையலைத்தான் அப்படிச் சொன்னார். சொல்லிவிட்டு, கம்பி அடுப்பை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போனார். அவ்வளவுதான். பின்னால் வந்த அத்தனை பேரும் கழற்றினார்கள். ஷார்ஜாக்காரர் தன் ஷூ நாடாவை அவிழ்க்கக் குனிந்தார். நானும் கழற்றினேன். அந்தக் குசினியை ஒட்டிய நாளிலிருந்து நூறு தடவை பூட்ஸ் காலோடு அதற்குள் நின்றிருக்கிறேன்.

எல்லோரும் போன பிறகு தர்ஷினியிடம் நான் யார் என்று சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அங்கிள், முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல! ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"ஒண்ணும் தப்பில்ல. நீ எப்படிம்மா குசினின்னு சொன்ன?"

"எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம். எங்க அம்மா அப்பா சிலோன். சண்டையில போட்ல ஏறி வந்தவங்க. நான் இங்க முகாம்லதான் பொறந்தேன். இப்ப எடமலைப்பட்டி புதூர்ல வாடகைக்கு இருக்கோம். அப்பா இல்ல. நானும் அம்மாவும்தான்."

சொந்த ஊரைக் கண்ணால் பார்க்காத பெண், ஊரை விட்டு வந்தவர்களின் கதையைத் தினமும் நாலு தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அதைப் பற்றிய வருத்தம் எதுவும் தெரியவில்லை. அடுத்த கூட்டம் வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு ஓடினாள்.

மறுநாள் ஸ்ரீரங்கம் போனேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்து போனது. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடியது, மீதி மணல். எங்கள் ஊர் ஆறுகள் வருடம் முழுக்கச் சேற்று நிறத்தில் நிறைந்து ஓடும், அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டித் தண்ணீரைப் பார்த்தார்கள். கோவிலில் வழி தவறி, பிரகாரத்துக்குப் பிரகாரம் சுற்றி, எந்தக் கோபுரத்தில் செருப்பை விட்டேன் என்று தெரியாமல் வெறுங்காலோடு கடைத்தெருவில் நடந்தேன். புளியோதரை வாங்கிச் சாப்பிட்டேன். செல்வியின் முழங்காலுக்காக வேண்டிக்கொண்டேன். புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி தன் அம்மாவை அழைத்து வந்திருந்தாள். பெயர் கமலேஸ்வரி. ஐம்பதுக்கு மேல் இருக்கும். படி ஏறி வந்ததற்கே இருமினார். மற்ற சிற்பங்களை வேகமாகப் பார்த்து முடித்துவிட்டு, குசினிக்கு வந்ததும் நின்றார். செருப்பை யாரும் சொல்லாமலே கழற்றினார். உள்ளே போய்க் கம்பி அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். வலது கையை நீட்டிப் பார்த்தார். பலகை எட்டியது. பிறகு எழுந்து, மூலைச் சட்டத்தைப் பிடித்து ஆட்டினார்.

"அண்ணை, இது கழட்டிப் பூட்டுறதோ?"

"ஆமாங்க. எல்லாம் போல்ட்டுதான்."

"மேல தகரம் போட்டால் தாங்குமோ?"

"அம்மா, சும்மா இருங்கோ" என்று தர்ஷினி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். எங்களிடம் திருச்சிப் பேச்சுப் பேசுகிறவள், அம்மாவிடம் வேறு பேச்சு பேசினாள்.

"நீ விடு பிள்ளை. அண்ணை ஒண்டும் நினைக்க மாட்டார்." கமலேஸ்வரி என்னைப் பார்த்துச் சொன்னார். "எங்கட வீடு ஒரு அறைதான். படுக்கிறதும் அதுக்குள்ள, சமைக்கிறதும் அதுக்குள்ள. நான் இடியப்பம் அவிச்சுக் குடுக்கிறனான். விறகடுப்பு. டொக்டர் புகைக்குள்ள இருக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார். வீட்டுக்காரம்மா நல்ல மனுசி. பின்னுக்குக் குசினி போட விடுவா. ஆனால் கட்டடமாக் கட்டக் கூடாதாம். போகேக்க கழட்டிக்கொண்டு போற மாதிரி எண்டால் சரியாம். அதுதான் கேட்டனான். இது மாதிரி ஒண்டு செய்விக்க என்னென்ன சாமான் வேணும்?"

அவர் இந்தக் குசினியையே கேட்கவில்லை. இது மாதிரி ஒன்றைத்தான் கேட்டார். என்னென்ன குழாய், என்ன கனம் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வழக்கம் போல் செல்வி ஃபோனில் வந்தாள். காலையில் பசியாறினேனா என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் கேட்பாள். நானும் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். கையை நீட்டிப் பலகையை எட்டிப் பார்த்ததை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

"அவங்கள எனக்குக் காட்டுங்க" என்றாள்.

மறுநாள் மதியம் எடமலைப்பட்டி புதூரில் அவர்கள் வீட்டிலிருந்து வீடியோவில் பேசினோம். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டே ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெண்களும் முதலில் முழங்காலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மாவைப் பற்றி. பிறகு கமலேஸ்வரி சொன்னார்: "உங்கட குசினி நல்ல வடிவு, அக்கா. ஆனால் ஒரு குறை. யன்னல் இல்லை. புகை எங்கால போகும்?"

செல்வி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"எங்கயும் போகாதுங்க. அங்கதான் சுத்தும். எங்கம்மாவுக்கு எப்பவும் கண்ணு செவந்துதான் இருக்கும். ஒரு ஜன்னல் வெட்டிக் குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்பா அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் தோட்டத்தையே வித்துட்டாங்க."

கமலேஸ்வரி என் தட்டில் இன்னொரு இடியப்பம் வைத்தார்.

"ஏங்க" என்றாள் என்னிடம். "அதை அவங்களுக்கே பூட்டிக் குடுத்துட்டு வந்துருங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் ஒட்டியவற்றிலேயே நல்ல வேலை அது. ஒரு இணைப்பில் கூடப் பிசிறு இருக்காது. தவிர, அது திரும்பி வந்ததும் நிறுத்துவதற்காக ஈப்போவில் எங்கள் கொல்லையில் சிமெண்டுத் தளம் போட்டு வைத்திருந்தோம். ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"நீ யோசிச்சுத்தான் பேசுறியா? ரெண்டு வருஷமா வரைஞ்சது. அவங்களுக்கு வேணும்னா நான் ரெண்டு நாள் கூட இருந்து புதுசா ஒண்ணு ஒட்டிக் குடுத்துட்டு வரேன்."

"புதுசா ஒட்டுறத எனக்கு ஒட்டுங்க."

"சிமெண்டு போட்டோமே?"

"அதுல துணி காயப் போடலாம்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "கொல்லையில வச்சா நான் தினம் பார்ப்பேன். பார்த்து அழுவேன். வேற என்னா செய்யப் போறேன்? அங்க போனா யாராச்சும் சமைப்பாங்கல்ல?"

நான் மறுபடி உள்ளே போனேன். கமலேஸ்வரி ஒரேயடியாக மறுத்துவிட்டார். "ஐயோ, வேண்டாம் அண்ணை! சனம் காசு குடுத்துப் பார்க்கிற சாமானில நான் அடுப்பு மூட்டுறதோ?" தர்ஷினி தட்டுகளை எடுத்து அடுக்கினாள். நான் ஃபோனை நீட்டினேன். செல்வி என்ன சொன்னாள் என்று முழுவதும் காதில் விழவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் கேட்டது. "ஜன்னல் எங்க வேணும்னு அவருகிட்ட சொல்லுங்க. எங்கம்மாகிட்டதான் யாரும் கேட்கல."

கமலேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிழக்குப் பக்கம் கையைக் காட்டினார்.

பிரபுவிடம் சொன்னபோது, முதல் தடவையாக அவர் "பண்ணிடலாம் சார்" என்று சொல்லவில்லை. "சார், இது ஆர்ட் வொர்க்" என்றார். "அடுத்த ஊர்க் கண்காட்சிக்குக் கேட்டிருக்காங்க சார்" என்றார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சிற்பியே எழுதிக் கொடுத்தால் தன்னால் தடுக்க முடியாது என்றார். செல்வி அன்றைக்கே எழுதி அனுப்பினாள். கண்காட்சி முடிந்த மறுநாள் காலை, நான் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பிரபு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து ஒரு ஸ்பானரை எடுத்தார்.

எடமலைப்பட்டி புதூரில் இரண்டு நாள் வேலை. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஆணி எதுவும் என் செவுத்துல அடிக்க மாட்டீங்கல்ல?" என்று கேட்டார். "ஒரு ஆணி கூட இல்லைங்க" என்றதும் எங்களுக்கு மோர் அனுப்பினார். கம்பிப் பானைகளையும் கம்பி அடுப்பையும் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் கை வரவில்லை. கட்டிங் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தர்ஷினி வந்து, "அங்கிள், பானை இருக்கட்டும். அம்மா அதுல கரண்டி மாட்டிக்குவாங்க" என்றாள். அடுப்பை மட்டும் எடுத்தேன். அந்த இடத்தில் செங்கல்லும் மண்ணும் வைத்து அசல் அடுப்புப் போட்டார்கள். கூரைக்கும் மூன்று பக்கத்துக்கும் தகரம் அடித்தோம். கிழக்குப் பக்கம், கமலேஸ்வரி குந்தியபடி முகத்தை உயர்த்தினால் வெளியே தெரிகிற உயரத்தில், ஒரு ஜன்னல் சட்டத்தை ஒட்டினேன். பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கிய மெஷின். என் வேலையிலேயே கோணலான வேலை அதுதான்.

நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் காலையில் அடுப்பு மூட்டினார்கள். முதலில் பால் பொங்க வைத்தார்கள். பிறகு இடியப்பம். தர்ஷினி வேலைக்குப் போகாமல் தேங்காய் துருவினாள். செல்வி ஃபோனில் இருந்தாள், கட்டிலில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு. எங்களுக்கு முன்னாலேயே அவள் பசியாறிவிட்டிருந்தாள்.

"உள்ள காட்டினது போதும். வெளிய போய் நின்னு ஜன்னலக் காட்டுங்க" என்றாள்.

வெளியே வந்து சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போனேன். விறகு ஈரம் போல. வெள்ளைப் புகை ஜன்னலில் திரண்டு வந்து, வெளியே வந்ததும் கலைந்து, பக்கத்து வீட்டு முருங்கை மரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே கமலேஸ்வரி இடியப்ப உரலை அழுத்துவது தெரிந்தது. இருமல் சத்தம் இல்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அண்ணை, தள்ளி நில்லுங்கோ, கண் எரியும்" என்றார்.

"தெரியுதா?" என்று செல்வியைக் கேட்டேன். திரையில் அவள் முகம் மிக அருகில் இருந்தது. ஃபோனைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், ஆட்டோ வந்துருச்சு!" என்று தர்ஷினி வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"செல்வி, கிளம்பணும்."

"இன்னும் கொஞ்சம் நில்லுங்க" என்றாள்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் ஃபோனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.